பனிமலையில் வழி கண்டவர்
சென்னையில் பிறந்த ஆர்னால்டு லன் வரலாறு

ஜவ்வாது மலைக்குப் போயிருக்கிறீர்களா? போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பஸ் போகிறது. சாலை வளைந்து வளைந்து மேலே ஏறும்.

சாலையை விட்டு இறங்கினால் காடு. அங்கே ஒற்றையடிப் பாதைகள் உண்டு. மலையில் பிறந்தவர்களுக்கு அவை அத்துபடி. எந்தப் பாறை மழையில் வழுக்கும், எந்த ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர் துணையில்லாமல் போனால் திண்டாட வேண்டியதுதான்.

ஒற்றையடிப் பாதைகூட இல்லாத மலையாக இருந்தால்? எங்கே பார்த்தாலும் வெள்ளை வெளேரென்று பனி மூடியிருந்தால்?

அப்படிப்பட்ட மலைகளில் வழி கண்டுபிடித்தவர் ஒருவர் இருந்தார். அவர் நொண்டி நொண்டித்தான் நடப்பார். அவர் பிறந்த ஊர் நம் சென்னை! பெயர் ஆர்னால்டு லன்.

பாதிரியார் மகன்

ஆர்னால்டு லன் 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி பிறந்தார். தந்தை ஹென்றி லன் கிறிஸ்தவப் பாதிரியார். மருத்துவமும் படித்தவர். இங்கிலாந்திலிருந்து ஊழியம் செய்ய வந்திருந்தார்.

தந்தையின் உடல்நிலைக்கு நம் நாட்டு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே கைக்குழந்தையுடன் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது.

பிறகு ஹென்றி லன் புதிய தொழில் ஒன்றில் இறங்கினார். மக்களைக் கூட்டம் கூட்டமாக சுவிட்சர்லாந்து நாட்டுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றார். அங்கேதான் ஆல்ப்ஸ் மலைத்தொடர் இருக்கிறது.

தந்தையின் தொழிலால் மகனுக்கு ஒரு நன்மை கிடைத்தது. 10 வயதிலேயே சறுக்குப் பலகையில் ஏறி நின்றுவிட்டார்!

பலகையும் தோலும்

சறுக்குப் பலகை என்பது நீளமான மெல்லிய பலகை. ஒவ்வொரு காலிலும் ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். வெறும் காலோடு நடந்தால் பனியில் இடுப்பளவு புதைந்து போகும். பலகை கட்டினால் புதையாது. இறக்கத்தில் காற்றாய்ப் பறக்கலாம்.

ஏற்றத்தில் ஏற ஒரு தந்திரம் உண்டு. அந்தக் காலத்தில் பலகையின் அடியில் கடல்நாய்த் தோலைக் கட்டினார்கள். அதன் ரோமம் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். முன்னே தள்ளினால் வழுக்கும். பின்னே சரியப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும்.

லன் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோதும் மனம் மலையிலேயே இருந்தது. 1908-ஆம் ஆண்டு, 20 வயதில், பலகை கட்டி மலை ஏறுவோருக்காக ஒரு சங்கம் அமைத்தார்.

1909 ஜனவரியில் ஜெனீவாவைச் சேர்ந்த பேராசிரியர் ரோஜேயுடன் புறப்பட்டார். காண்டர்ஸ்டெக் என்ற ஊரிலிருந்து மைரிங்கன் என்ற ஊர் வரை பல நாள் பயணம். பெர்ன் மாநிலத்து உயர்ந்த மலைகளை நடுக் குளிர்காலத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கடந்தார்கள்.

விழுந்தார்

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம். வேல்ஸ் நாட்டில் ஒரு மலையில் ஏறிக்கொண்டிருந்தார். பாறை பெயர்ந்தது. லன் சுமார் 100 அடி கீழே விழுந்தார்.

உயிர் பிழைத்தது பெரிய காரியம். வலது கால் நொறுங்கிவிட்டது. எலும்பு கூடியபோது அந்தக் கால் மற்றக் காலைவிடச் சில அங்குலம் குட்டையாகிவிட்டது. புண்ணும் பல ஆண்டுகள் ஆறவில்லை.

வயது 21. இனி இவருக்கு மலை ஏது?

லன் அப்படி நினைக்கவில்லை. மறுபடியும் பலகையைக் கட்டினார். விழுந்தார். எழுந்தார். நடப்பதைவிடச் சறுக்குவது அவருக்கு எளிதாயிற்று!

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. காலைப் பார்த்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். பிறகு சுவிட்சர்லாந்தில் மியூரன் என்ற மலை ஊரில், காயம்பட்ட போர்வீரர்களைக் கவனிக்கும் பணியில் ஈடுபட்டார்.

1917 ஜூனில் அவர் செய்த காரியம் மலைக்காரர்களையே வியக்க வைத்தது. வழிகாட்டி ஜோசப் குனுபெலுடன் டோம் சிகரத்தில் ஏறினார். பலகை கட்டி அந்தச் சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர்கள் இவர்களே. அதன் உயரம் 4,545 மீட்டர். நம் ஜவ்வாது மலையைப் போல் நான்கு மடங்கு!

பனி சொல்லும் சேதி

பனிமலையில் பெரிய எமன் பனிச்சரிவு. மலைமேல் குவிந்த பனி திடீரெனப் பெயர்ந்து உருண்டு வரும். அகப்பட்டவர் மூச்சுத் திணறிச் சாவார். பார்த்தால் எல்லாப் பனியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உண்மையில் அப்படி இல்லை. புதிதாகப் பெய்த பனி வேறு. காற்று அடித்துக் குவித்த பனி வேறு. வெயிலில் உருகி இரவில் உறைந்த பனி வேறு.

இந்த வேறுபாடுகளை லன் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். காற்று குவித்த பனி மேலே கெட்டியாக இருக்கும். அடியில் பிடிப்பு இராது. மனிதன் கால் வைத்ததும் பாளம் பாளமாய்ப் பெயரலாம். காலடியில் பனி விரிசல் விட்டாலும், பொத்தென்று சத்தம் கேட்டாலும் ஆபத்து. செங்குத்தான இறக்கத்தைக் கூட்டமாகக் கடக்கக் கூடாது. ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். பெரிய சிகரங்களுக்கு நடுக் குளிர்காலத்தைவிட வசந்த காலமே ஏற்றது என்று லன் வற்புறுத்தினார். அப்போது இரவில் பனி கல்லாய் உறைகிறது. காலை வெயிலில் மேற்பரப்பு மட்டும் சற்றே இளகுகிறது. சறுக்கிவர அதுதான் நல்ல வேளை. நண்பகல் ஆனால் பனி ஊறிச் சரியத் தொடங்கும். ஆகவே இருட்டிலேயே ஏற வேண்டும். வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும்.

தாம் கற்றதை அவர் ஒளித்து வைக்கவில்லை. 1910-லேயே பெர்ன் மலைகளின் சறுக்கு வழிகளைக் காட்டும் கைநூல் எழுதினார். பிறகு பனியின் தன்மை பற்றியும் எழுதினார். 1924 மே மாதத்தில் ஐகர் என்ற பயங்கரச் சிகரத்தில் நண்பர்களோடு பலகை கட்டி ஏறினார்.

கொடிகளுக்கு நடுவே

1922 ஜனவரியில் மியூரனில் ஒரு புதுமாதிரிப் பந்தயம் நடத்தினார் லன். இறக்கத்தில் இரண்டிரண்டாகக் கொடிகளை நட்டார். கொடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். காட்டு மரங்களுக்கிடையே மோதாமல் இறங்குவதற்கு இது பயிற்சி. அதற்குமுன் அழகாகத் திரும்பினால் மதிப்பெண் கொடுத்தார்கள். லன் அதை ஒழித்தார். சீக்கிரம் வந்தவரே வென்றவர் என்றார். ஸ்லாலம் என்னும் இன்றைய பந்தயம் இப்படித்தான் உருவாயிற்று.

இறக்கப் பந்தயங்களை வடநாட்டு நார்வேக்காரர்கள் முதலில் மதிக்கவில்லை. லன் விடாமல் வாதாடினார். 1931-ல் மியூரனில் உலகப் போட்டி நடந்தது. 1936-ல் ஒலிம்பிக்கிலும் இடம் கிடைத்தது. அவர் மகன் பீட்டர் அதில் பிரிட்டிஷ் அணியின் தலைவராகச் சென்றார்.

1952-ல் பிரிட்டிஷ் அரசு லன்னுக்குச் சர் பட்டம் வழங்கியது.

ஒரு வருத்தம்

இத்தனை புகழ் வந்தும் அவருக்கு ஒரு குறை இருந்தது. பந்தயம் வளர வளர, மலைச்சரிவுகளைச் சாலைபோல் இறுக்கிச் சமப்படுத்தினார்கள். கூட்டம் அதிலேயே ஏறி இறங்கியது. மலைக்குத் தயாராவதற்காகத்தான் லன் பந்தயம் வைத்தார். வந்தவர்களோ பந்தயத்தோடு நின்றுவிட்டார்கள். தொடாத பனியைப் படித்தறியும் கலை மறந்துபோகிறதே என்று முதுமையில் வருந்தினார்.

1974 ஜூன் 2-ந் தேதி, 86-ஆம் வயதில் அவர் காலமானார்.

மியூரனில் அவர் காலத்தில் 1928-ல் தொடங்கிய இன்பெர்னோ என்ற நீண்ட இறக்கப் பந்தயம் இன்றும் நடக்கிறது. இறுக்கிய பாதையை விட்டு விலகிச் செல்ல விரும்புகிறவர்கள் இன்றும் பனியைச் சோதித்து, நேரம் பார்த்து, ஒவ்வொருவராகத்தான் இறங்குகிறார்கள்.

ஜவ்வாது மலைக்காரர் பாறையையும் ஓடையையும் தாய் தந்தையரிடம் கற்றார். சென்னையில் பிறந்து எங்கோ வளர்ந்த லன், ஒடிந்த காலோடு பனியிடமே நேராகப் பாடம் கேட்டார். கேட்டதைப் பிறருக்கும் எழுதி வைத்தார். அதனால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ!