செங்கல்லால் விண்ணைத் தொட்டவர்

இரும்பு கட்டடக் கலையை ஆளத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில், செங்கல்லை நம்பி விண்ணை நோக்கிச் சென்றவர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் அலெஸ்ஸாந்த்ரோ அந்தோனெல்லி. விஞ்ஞானம் பயிலும் என்னை அவருடைய துணிவு கவர்ந்தது. அவருடைய பிடிவாதமோ சிந்திக்க வைத்தது.

அவர் 1798ஆம் ஆண்டு, வட இத்தாலியில் நொவாரா நகருக்கு அருகிலுள்ள கெம்மே என்னும் சிற்றூரில் பிறந்தார். மிலானிலும் துரினிலும் பயின்றார். உதவித்தொகை பெற்று ரோமாபுரி சென்று பழம்பெரும் கட்டடங்களை ஆராய்ந்தார். 1836 முதல் 1857 வரை துரின் கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார்.

செங்கல் அழுத்தத்தை நன்கு தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே உயரமாகக் கட்ட வேண்டுமாயின் சுவரைப் பருமனாக்குவதே வழக்கம். அந்தோனெல்லியோ சுமையைத் தூண்களிலும் வளைவுகளிலும் இறக்கிவிட்டு, இடைச் சுவர்களை மெல்லியனவாக்கினார். எடை குறைந்தால் உயரம் கூடும் அல்லவா? நொவாராவின் புனித கவுதென்சியோ ஆலயத்தின் மீது இம்முறையில் அவர் எழுப்பிய குவிமாடம் 121 மீட்டர் உயரமுடையது. 1844இல் தொடங்கிய அப்பணி 1878இல்தான் நிறைவுற்றது.

அவருடைய புகழுக்குச் சிகரம் துரின் நகரின் 'மோலே அந்தோனெல்லியானா'. 1848இல் சம உரிமை பெற்ற அந்நகர யூதர்கள், அம்மகிழ்ச்சியின் சின்னமாகப் பெரியதொரு ஆலயம் கட்ட விரும்பி அந்தோனெல்லியை நாடினர். 1863இல் வேலை தொடங்கியது. முதல் வரைபடத்தில் உயரம் 47 மீட்டர். அவரோ அதனை 113 மீட்டராக உயர்த்த முனைந்தார். செலவு பெருகியது. 1869இல் தற்காலிகக் கூரை வேய்ந்து பணியை நிறுத்தினர். 1873இல் நகராட்சி அக்கட்டடத்தை ஏற்று, யூதர்களுக்கு வேறிடம் அளித்தது. அவர்களுடைய புதிய ஆலயம் 1884இல் திறக்கப்பட்டது. தம் பொருளைக் கொட்டித் தொடங்கிய மாளிகையில் அவர்கள் வழிபடவே இல்லை!

இங்கேதான் என் மனம் தடுமாறுகிறது. கேட்டவர்க்குக் கேட்டதைக் கட்டித் தராதவரை மேதை என்று மட்டும் போற்றிவிடலாமா? அவருடைய கனவுக்கு விலை கொடுத்தவர்கள் பிறரே. எனினும், அக்கனவு தன்னலத்திற்கானது என்றும் என்னால் சொல்ல இயலவில்லை. முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1888இல் தம் 90ஆம் வயதில் காலமானார். மறு ஆண்டு 167 மீட்டர் உயரத்தில் கட்டடம் நிறைவுற்றது. அன்று ஐரோப்பாவின் செங்கல் கட்டடங்களுள் அதுவே மிக உயர்ந்தது. முடிவைக் காண அவர் இல்லை.

1930களில் அதன் உட்புறத்தைக் கான்கிரீட்டால் வலுப்படுத்தினர். 1953இல் வீசிய சூறாவளியில் உச்சிக் கோபுரத்தில் 47 மீட்டர் முறிந்து வீழ்ந்தது. முதல் வரைபடத்தின் முழு உயரம் எவ்வளவோ, வீழ்ந்த பகுதியும் அவ்வளவே! 1961இல் உலோகச் சட்டம் அமைத்து உச்சியை மீண்டும் எழுப்பினர். 2000ஆம் ஆண்டு முதல் அங்கே தேசியத் திரைப்பட அருங்காட்சியகம் இயங்குகிறது. இத்தாலியின் 2 சென்ட் நாணயத்திலும் அதன் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது.

நண்பர்களே! எளிய பொருளின் இயல்பை முற்றும் அறிந்தவன் அதைக் கொண்டே அரியன செய்யலாம் என்பது அந்தோனெல்லி கற்பிக்கும் முதற்பாடம். நம் உயரத்திற்காகப் பிறர் சுமக்கும் பாரத்தையும் கணக்கிட வேண்டும் என்பது இரண்டாம் பாடம். கற்று உயர விரும்பும் நமக்கு இவ்விரண்டுமே தேவை.