ஒளியின் உண்மை கண்ட இராமன்

நாள்தோறும் காணும் பொருளை நோக்கி, இஃது ஏன் இவ்வாறு உளது என்று வினவுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் சர் சந்திரசேகர வேங்கட இராமன்.

இவர் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, 1907இல், பதினெட்டாம் அகவையிலேயே எம்.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் ஆராய்ச்சியே தொழிலாக வாழ்தல் நம் நாட்டவர்க்கு அரிது. ஆகவே, நிதித்துறைத் தேர்வில் முதல்வராகத் தேறிக் கல்கத்தாவில் அரசாங்க அலுவலர் ஆனார். ஆயினும், அவர் உள்ளம் ஆராய்ச்சியையே நாடியது. அலுவலகம் செல்லுமுன் காலையிலும், திரும்பியபின் இரவிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு நிகழ்த்தினார். இங்ஙனம் பத்தாண்டுகள் கழிந்தன.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. அரசாங்கப் பதவியிற் கிடைத்த ஊதியத்தினும் அதன் ஊதியம் மிகக் குறைவு. எனினும், இராமன் செல்வத்தை விடுத்து அறிவைத் தேர்ந்தார்.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் மீண்டபோது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானின் நீலமே கடலில் எதிரொளிக்கிறது என்பது பேரறிஞர் இரேலியின் கொள்கை. இராமன் அதனை அப்படியே ஏற்றிலர். சிறு பட்டகம் ஒன்றினால் நீர்ப்பரப்பின் எதிரொளியை விலக்கிப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே தோன்றியது. முன்னினும் தெளிவாகத் தோன்றியது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதும் அந்நீலத்திற்குக் காரணம் என உணர்ந்தார்.

அன்று தொடங்கிய ஆய்வு ஏழாண்டுகள் நீண்டது. மாணவர் கே. எஸ். கிருஷ்ணன் துணைநின்றார். கருவிகளோ மிக எளியவை. ஒரே நிறமுடைய ஒளி தெளிந்த நீர்மத்திற் புகுந்து சிதறும்போது, அதன் பெரும்பகுதி நிறம் மாறாது வெளிப்படும். மிகச் சிறு பகுதி மட்டும் மூலக்கூறுகளோடு ஆற்றலைக் கொடுத்தும் கொண்டும் நிறம் மாறி வரும். இவ்வுண்மை 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் புலனாயிற்று. இதுவே இராமன் விளைவு. இதற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றார். அறிவியலில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் இவரே.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு செய்வோர்க்கு வெள்ளியின் தரத்தைக் காட்டுவது உரைகல். அதுபோல, மூலக்கூறுகளின் அமைப்பைக் காட்டும் உரைகல் இராமன் விளைவு. நிறம் மாறும் அளவு பொருளுக்குப் பொருள் வேறுபடுதலின், சேலத்து வெள்ளைக்கல்லையும் பிற தாதுக்களையும், மருந்துகளையும், மணிக்கற்களையும் சிதைக்காமலே இனங்காண அது உதவுகிறது. 2021இல் செவ்வாய்க்கோளில் இறங்கிய ஊர்தியும் இம்முறையால் ஆங்குள்ள பாறைகளை ஆராய்ந்தது.

பின்னர்ப் பெங்களூரில் அவர் பல மாணவரை உருவாக்கினார். அவருள் ஒருவரான ஜி. என். இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்து உயிர்ப்புரதத்தின் அமைப்பை ஆராய்ந்து உலகப்புகழ் எய்தினார். இராமன் 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். பிப்ரவரி 28ஆம் நாள் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

மாணவர்களே! கடலைக் கண்டவர் எண்ணற்றோர். அதன் நீலத்தை வினவி விடை கண்டவர் இராமன். பெரியோர் கூற்றாயினும் பணிவோடு ஆராய்ந்து மெய்ப்பொருள் காண்பதே அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.