அறிஞர் சித்தி லெவ்வையும் அசன்பேயுடைய கதையும்

கல்லூரி நூலகத்தில் மாணவர் கைகள் மிகுதியும் தீண்டும் அடுக்கு எதுவெனக் கேட்டால், நூலகர் தயங்காது கதைநூல் அடுக்கையே சுட்டுவார். காதற்புதினம் ஒருபுறம், சரித்திரப் புதினம் மறுபுறம், துப்பறியும் கதைகளும் அறிவியற் கற்பனைகளும் மாயாசாலக் கதைகளும் அவற்றினிடையே என அங்குப் பலவும் கலந்து கிடக்கும். தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையூர்களிலிருந்து இறங்கி வந்து பயிலும் இளைஞனும், நகரத்து வணிகர் வீட்டுப் பிள்ளையும் அவ்வடுக்கின் முன்னே ஒன்றாகவே நிற்பர். இவ்வாசிப்பால் பயன் உண்டா, காலம் வீணாகின்றதா என்று நம் பெரியவர்கள் ஐயுறுவதும் புதிதன்று. அவ்வையத்திற்குத் தம் வாழ்வாலேயே விடை தந்தவர் ஒருவர் சென்ற நூற்றாண்டிற்கும் முந்தைய நூற்றாண்டில் இலங்கையில் வாழ்ந்தார். மார்க்க அறிவும் ஆங்கிலச் சட்ட அறிவும் ஒருங்கே வாய்ந்த அப்பெருந்தகையே மர்ஹூம் முஹம்மது காசிம் சித்தி லெவ்வை மரைக்காயர் ஆவார்.

அன்னார் 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கண்டி மாநகரில் பிறந்தார். தந்தையாரும் வழக்கறிஞரே. வணிகமே வாழ்வாகக் கொண்டிருந்த அக்கால இலங்கை முஸ்லிம்களிடையே வழக்கறிஞர் குடும்பம் என்பது அரிதினும் அரிது. அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்த சித்தி லெவ்வை, 1862இல் மாவட்ட நீதிமன்றத்திலும், பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் வழக்கறிஞரானார். கண்டி மாநகர சபையிலும் அமர்ந்தார். செல்வமும் செல்வாக்கும் ஒருங்கே சேர்ந்த நிலை அது. அந்நிலையிலேயே நின்றிருந்தால் அவர் பெயர் கண்டி நீதிமன்றப் பழைய ஏடுகளோடு போயிருக்கும்.

அவர் உள்ளத்தை உறுத்தியது தம் சமுதாயத்தின் கல்லாமை. ஆங்கிலக் கல்வி அன்று பெரும்பாலும் கிறித்தவ சபைகளின் பள்ளிகளிலேயே கிடைத்தது. பிள்ளைகள் அங்குச் சென்றால் மார்க்கம் மாறிவிடுவர் என அஞ்சிய பெற்றோர், பள்ளிப் படியையே மிதிக்க விடவில்லை. அவ்வச்சம் அடிப்படையற்றது என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாகாது. அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதன் விலையோ பெரிது. ஏனைய சமுதாயத்தார் அரசுப் பணியிலும் சட்டத்திலும் மருத்துவத்திலும் ஏறிச் செல்ல, முஸ்லிம்கள் கடைவாயிலில் நின்றுவிட்டனர். அஞ்சி விலகுவதற்கு மாற்று, நாமே பள்ளி அமைப்பதுதான் எனக் கண்டவர் சித்தி லெவ்வை. அதன்பொருட்டு வருவாய் மிக்க வழக்கறிஞர் தொழிலையும் ஒதுக்கி வைத்தார்.

முதலில் அவர் கையிலெடுத்தது இதழ். 1882ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் முஸ்லிம் நேசன் என்னும் வார இதழ் கண்டியிலிருந்து வெளிவந்தது. அதே ஆண்டில்தான் எகிப்து நாட்டில் அஹ்மத் உறாபி பாஷாவின் எழுச்சி ஆங்கிலேயப் படையால் அடக்கப்பட்டது. ஜூலையில் அலெக்சாந்திரியா நகரம் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையாயிற்று. செப்டம்பரில் தல் அல் கபீர் போர்க்களத்தில் உறாபியின் படை வீழ்ந்தது. தோற்ற தலைவரையும் அவர்தம் தோழர் அறுவரையும் ஆங்கிலேயர் இலங்கைக்கே நாடுகடத்தினர். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினர். நாடிழந்து வந்த உறாபியும் நாட்டவர்க்குக் கல்வி தேடிய சித்தி லெவ்வையும் நண்பர்களாயினர். கொழும்பில் 1884இல் சித்தி லெவ்வை தொடங்கிய பள்ளி நெடுங்காலம் தழைக்கவில்லை. எனினும் அவர் சோர்ந்தாரல்லர். 1892இல் மருதானையில் வாப்புச்சி மரைக்காயரின் வள்ளன்மையும் உறாபி பாஷாவின் ஆதரவும் துணைநிற்க எழுந்த மத்ரஸாவே பின்னாளில் புகழ்மிக்க சாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. பெண்கல்வியிலும் அவர் பின்னிற்கவில்லை. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கெனப் பள்ளி அமைத்து, தம் உடன்பிறந்தாள் முத்து நாச்சியாரையே அதன் பொறுப்பில் அமர்த்தினார். ஊரார் வீட்டுப் பெண்ணை அழைப்பதற்கு முன் தம் வீட்டுப் பெண்ணை அனுப்பிய அச்செயலை எண்ணும்தோறும் இக்கட்டுரையாளர்க்கு வியப்பே மிகுகின்றது.

இத்தகு பணிகளுக்கிடையே, 1885ஆம் ஆண்டில், அவர் ஒரு கதை எழுதி அச்சிட்டார். அதுவே அசன்பேயுடைய கதை. மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறிய ஆண்டு 1879. அதற்கு ஆறே ஆண்டுகள் பின்னே வந்தது இந்நூல். இராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் 1893இல்தான் விவேக சிந்தாமணியில் தொடங்கிற்று. திருகோணமலைச் சரவணமுத்துப் பிள்ளையின் மோகனாங்கி என்னும் வரலாற்றுப் புதினம் 1895இல் வந்தது. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898. ஆகவே தமிழ்ப் புதின வரலாற்றின் வாயிலிலேயே நிற்பது ஒரு முஸ்லிம் அறிஞரின் நூல். இலங்கையில் 1856இல் காவலப்பன் கதை என்றொரு நூல் வந்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அது மொழிபெயர்ப்பு, இது சொந்தப் படைப்பு. நம் பாடத்திட்டங்களிலும் இலக்கிய வரலாற்று நூல்களிலும் பிரதாப முதலியாரிலிருந்து கமலாம்பாளுக்கு ஒரே தாவலாகத் தாவிவிடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இடையிலிருக்கும் பாலம் கண்ணிற் படாமற் போனது இழப்பே.

முதற் புதினம் எழுதியவரும் நீதிமன்றத்தார், அடுத்து எழுதியவரும் நீதிமன்றத்தார் என்பது கருதத்தக்கது. வாரிசுரிமை, காணாமற்போன பிள்ளை, பொய்ச்சாட்சி, வெளிப்படும் உண்மை ஆகியவற்றை நாள்தோறும் கண்டவர்க்குக் கதைப்பின்னல் கைவந்ததில் வியப்பென்ன?

கதையின் போக்கு இது. எகிப்தின் காய்ரோ நகரில் உயர்குடியிற் பிறந்த ஆண்மகவு களவாடப்பட்டுக் கடல்கடந்து பம்பாய் வந்து சேர்கிறது. தன் பிறப்பறியாது வளரும் அச்சிறுவன் அசன், துன்பம் பொறாது அங்கிருந்து நீங்கிக் கல்கத்தா அடைகிறான். அங்கு ஆங்கிலேயரின் ஆதரவும் கல்வியும் வாய்க்கின்றன. ஆங்கில நங்கையொருத்தியின் காதலும் வாய்க்கிறது. இடர் பல கடந்து தாய்நாடு மீண்டு, பெற்றோரைக் கண்டு, தன் வீரத்தால் பே என்னும் பட்டமும் பெறுகிறான். பே என்பது துருக்கிய ஆட்சியில் பாஷாவுக்கு அடுத்த நிலைச் சிறப்புப் பெயர். காதல், கடற்பயணம், சூழ்ச்சி, மறைபொருள், அரசியல் எல்லாம் ஒரே நூலில் நெருங்கிக் கிடக்கின்றன. பிற்காலத்தில் தனித்தனி அடுக்குகளில் பிரிந்த கதைவகைகள் இந்நூலில் இன்னும் பிரியாமல் ஒரே கூட்டில் இருக்கின்றன எனலாம்.

இலங்கையர் எழுதிய நூலில் இலங்கையே இல்லை என்பது இந்நூல்மீது சாற்றப்படும் குறை. அது மெய்யே. ஆயினும் எகிப்து வீழ்ந்து மூன்றே ஆண்டுகளில் எழுதப்பட்ட கதை இது என்பதையும், எகிப்தின் தலைவரே அன்று இலங்கையில் சிறைவாழ்வு வாழ்ந்தார் என்பதையும் மறத்தலாகாது. கண்டியிலிருந்த தமிழ் வாசகனுக்குக் காய்ரோ அன்று தொலைதூரத்து ஊரன்று. தோல்வியுற்ற நாட்டின் பிள்ளை ஒருவன் கல்வியாலும் ஒழுக்கத்தாலும் மீண்டெழுந்த கதையைப் படிக்கும் இளைஞன் எதை எண்ணிப் பார்ப்பான் என்பதை ஆசிரியர் அறிந்தே எழுதினார் என்பது எம் கருத்து.

வேறொன்றும் உண்டு. கிஸ்ஸாவும் படைப்போரும் நாமாவும் மசலாவும் பாடிக் கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. திருக்குர்ஆனின் பன்னிரண்டாம் அத்தியாயம் முழுவதும் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாறே. தந்தையிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளை எகிப்துக்குக் கொண்டு செல்லப்படுகிறார், உயர்வடைகிறார், பெற்றோரைச் சேர்கிறார். அசனோ எகிப்திலிருந்து கவரப்பட்டு எகிப்துக்கே மீள்கிறான். பழைய கேள்விச் செல்வம் புதிய உரைநடை வடிவில் இறங்கி வந்ததை இவ்விடத்தே காணலாம். கதை என்றாலே முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

நடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று எடுத்துப் படிப்பவர்க்கு அந்நடை சற்றே தடுக்கும். வாக்கியங்கள் நீள்கின்றன, வடசொல்லும் அரபுச்சொல்லும் கலந்து வருகின்றன, நீதி புகட்டும் ஆர்வத்தில் கதை அங்கங்கே நின்று விடுகிறது. பாத்திரங்களின் உள்ளத்தைத் துருவிக் காட்டும் திறம் கமலாம்பாளில் உள்ள அளவு இதில் இல்லை என்று ஒப்புவதில் நமக்குக் குறைவொன்றுமில்லை. நிகழ்ச்சிகளின் விரைவே இதன் வலிமை.

புதினம் ஒன்றோடு அவர் நின்றார். பின்னர் எழுதியவை பாடநூல்களும் இலக்கணமும் மெய்ஞ்ஞானமுமே. 1892இல் ஞானதீபம் என்னும் இதழை நடத்தினார். ஆன்மஞானப் பொருளை ஆராயும் அஸ்ராறுல் ஆலம் 1897இல் வெளிவந்தது. அந்நூல் பழமைப் பற்றாளர் சிலரின் கண்டனத்தையும் அவருக்குத் தேடித்தந்தது. அடுத்த ஆண்டு, 1898 பிப்ரவரி 5ஆம் நாள், கண்டியிலேயே அவர் இறையடி சேர்ந்தார். அகவை அறுபதை எட்டவில்லை. இலங்கை அரசு 1977இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது. உறாபி பாஷா 1901இல் தாயகம் திரும்பினார்; கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகமாக உள்ளது.