பதவியை இறக்கிவைத்தவர்

கையிலுள்ள பணத்தை விடுவது கடினந்தான். தலைமேல் ஏறிய பதவியை விடுவது அதனிலும் கடினம். கோயிற் சபைத் தலைமையையே ஆயுள்வரை பிடித்திருப்போரை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

1651இல் கோவாவில் பிறந்த யோசவ் வாஸ் அடிகளார், 1685இல் அங்கே ஒறற்றோரியன் குருக்களின் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டார். கடமையென்று அங்கேயே இருந்திருக்கலாம்; எவரும் குறைசொல்லியிரார். ஆனால் அவர் நெஞ்சோ இலங்கைமேல் இருந்தது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின், நம் முன்னோர் குருக்களின்றித் தவித்தனர். மறு ஆண்டே அவர் தலைமையைத் துறந்து புறப்பட்டார்.

1687இல் தூத்துக்குடியில் கப்பலேறியபோது அவர் கோலம் கூலியாளின் கோலம். யோவான் என்னும் ஊழியரே துணை. கொழும்புக்குப் புறப்பட்ட கப்பலைக் காற்று மன்னாருக்குத் தள்ளியது. பின்னர் யாழ்ப்பாணத்தில், நேற்றுவரை பிறருக்குக் கட்டளையிட்டவர் கழுத்தில் செபமாலையோடு வீடுவீடாய்ப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எவர் முகம் மாறுகிறதோ, அவர் மறைந்து வாழும் கத்தோலிக்கர்!

பொறுப்பை விட்டோடியவர் என்று எண்ணாதீர்கள். தாமே விரும்பி எடுத்த சுமையை 24 ஆண்டுகள் சுமந்தார். கண்டியில் சிறையிருந்தார், அம்மை கண்டவர்களுக்குப் பணிவிடை செய்தார். ஆயர் பதவி தேடிவந்தபோதும் வேண்டாமென்றார். 1711 தை 16ஆம் நாள் கண்டியிலேயே மரித்தார்.

2015 தை 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்று பிற்பகலே நம் மடுவுக்கு வந்தார்.