2,000 முறை பறந்தவர் ஒருமுறை விழுந்தது ஏன்? - ட்ரைக் பைலட்டுகளின் முன்னோடி ஓட்டோ லிலியன்தால் கதை

1896 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் பெர்லினுக்கு வடமேற்கே இருக்கும் ஸ்டோல்ன் என்ற சின்ன கிராமம். அதை ஒட்டிய கோலன்பெர்க் குன்றின் உச்சியில் இருந்து 48 வயது இன்ஜினீயர் ஒருவர், தோளில் துணி இறக்கையை மாட்டிக்கொண்டு காற்றை எதிர்த்து ஓடுகிறார். கால் தரையை விட்டு எழும்புகிறது. அன்று ஏற்கெனவே சில முறை பறந்து, பத்திரமாக இறங்கியும் விட்டார்.

இந்த முறை மட்டும் ஏதோ சரியில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்தில் இறக்கை அப்படியே நின்றதுபோல இருந்தது. அடுத்த சில நொடிகளில் அவர் தரையில் கிடந்தார்.

அவர்தான் ஓட்டோ லிலியன்தால். ரைட் சகோதரர்களுக்கு முன்பே, மனிதனால் திரும்பத் திரும்பப் பறக்க முடியும் என்று செய்து காட்டியவர். இன்று கடற்கரைகளிலும் மலைப்பகுதிகளிலும் முக்கோணத் துணி இறக்கைக்குக் கீழே மூன்று சக்கர வண்டி தொங்க, பின்னால் இன்ஜின் உறுமப் பறக்கிறதே ‘ட்ரைக்’, அதற்கு வால் கிடையாது. உடல் எடையை இப்படியும் அப்படியும் நகர்த்தித்தான் அதை ஓட்ட வேண்டும். லிலியன்தால் செய்ததும் அதையேதான். அதனால், ஒரு ட்ரைக் பைலட் பறக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

யார் இந்த லிலியன்தால்?

1848 மே 23 அன்று பிரஷ்யாவின் அங்க்லாம் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். ஊரைச் சுற்றிலும் புல்வெளிகள், அங்கே இரை தேடும் நாரைகள். ஓட்டோவும் ஒரு வயது இளைய தம்பி குஸ்டாவும் மணிக்கணக்கில் அந்த நாரைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பள்ளி நாட்களிலேயே மரப்பட்டிகளால் இறக்கை செய்தார்கள். கூடப் படிக்கும் பசங்க கேலி செய்வார்களே என்று ராத்திரியில்தான் ஓடிப் பார்த்தார்கள். பறக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை.

பெர்லினில் இன்ஜினீயரிங் படித்து, 1870-71 போரில் பணியாற்றித் திரும்பிய ஓட்டோ, 1883-ல் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார். அங்கே தயாரானவை நீராவி இன்ஜின்களும் கொதிகலன்களும். கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் சாவது சாதாரணமாக இருந்த காலம் அது. சுருள் குழாயில் தண்ணீரைச் சூடாக்கும் அவருடைய கொதிகலனில் அந்த ஆபத்து மிகவும் குறைவு. 1890-ல் லாபத்தில் 25 சதவீதத்தைத் தொழிலாளர்களுக்குப் பகிரத் தொடங்கிய முதலாளியும் அவர்தான். அதாவது, பாதுகாப்பை விற்றுத்தான் அவர் பிழைப்பு ஓடியது. பறப்பதிலும் அவர் குருட்டுத் தைரியம் காட்டுகிற ஆள் இல்லை.

முதலில் அளந்தார், பிறகுதான் குதித்தார்

அதுவரை பறக்க ஆசைப்பட்டவர்களில் பலர் செய்தது ஒன்றுதான்: இறக்கை செய், உயரத்தில் இருந்து குதி. லிலியன்தால் இதைத் தலைகீழாக்கினார். சுழலும் கம்பியின் முனையில் விதவிதமான இறக்கைகளைப் பொருத்தி, எந்தக் கோணத்தில் காற்று எவ்வளவு தூக்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். தட்டையான இறக்கையைவிட, பறவைகளுக்கு இருப்பதுபோல லேசாக மேல்நோக்கி வளைந்த இறக்கை நன்றாகத் தூக்கும் என்பதை எண்களாகவே காட்டினார். பறவைகளின் பறத்தலை அடிப்படையாக வைத்து இதையெல்லாம் 1889-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அதற்குப் பிறகும் அவசரப்படவில்லை. 1891-ல் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பலகையில் இருந்து குதித்துப் பழகினார். அதே ஆண்டு டெர்விட்ஸ் என்ற இடத்தில் சுமார் 25 மீட்டர் தூரம் பறந்தார். 1893-ல் ரினோவ் குன்றுகளில் அது 250 மீட்டர் ஆனது. 1894-ல் பெர்லினின் லிஷ்டர்ஃபெல்டே பகுதியில் 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கைக் குன்றையே எழுப்பினார். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் அதை எதிர்த்து ஓடிக் கிளம்ப வசதியாகக் கூம்பு வடிவம். உச்சியில் இறக்கைகளை வைக்க ஒரு கொட்டகை.

இப்படியே 2,000 முறைக்கு மேல் பறந்தார். ஆனால் ஒவ்வொன்றும் சில நொடிகள்தான் என்பதால், மொத்தமாகக் கூட்டினாலும் அவர் காற்றில் இருந்த நேரம் சில மணி நேரமே. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இறக்கைக்கும் பராமரிப்பு உண்டு

1894-ல் அவர் வடிவமைத்த கிளைடர், உலகில் ஒரே மாதிரியாகப் பல எண்ணிக்கையில் செய்து விற்கப்பட்ட முதல் பறக்கும் கருவி. விலை 500 மார்க். வளைந்துகொடுக்கும் வில்லோ மரச்சட்டம், அதன் மேல் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி. இறக்கையின் அகலம் 6.7 மீட்டர், எடை வெறும் 20 கிலோ. வௌவால் மாதிரி மடக்கிக் கொண்டு போகலாம்.

இன்றைய ட்ரைக் இறக்கையில் மரத்துக்குப் பதில் அலுமினியக் குழாய், பருத்திக்குப் பதில் பாலியஸ்டர் துணி. மற்றபடி அடிப்படை அதேதான்: சட்டம், துணி, இழுவை. இந்த மூன்றில் எது கெட்டாலும் இறக்கையின் வடிவம் மாறும். வடிவம் மாறினால் பறக்கும் குணமே மாறிவிடும்.

அதனால்தான் பைலட்டுகள் பறக்கும் முன் இறக்கையைச் சுற்றி நடந்து, பார்த்தும் தடவியும் சோதிக்கிறார்கள். முன்விளிம்புக் குழாயில் நெளிவு இருக்கிறதா? கேபிள்களில் ஓர் இழையாவது பிரிந்திருக்கிறதா, முனைகளில் துரு தெரிகிறதா? இறக்கைக்கு வளைவு கொடுக்கும் பேட்டன் பட்டிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கின்றனவா? ஒரு பக்கம் வளைவு மாறினாலும் ட்ரைக் தானாகவே ஒரு பக்கமாக இழுக்கும்.

துணிக்கு முதல் எதிரி வெயில். வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் புற ஊதாக்கதிர் பட்டுப் பட்டு இழையும் தையலும் பலவீனமாகியிருக்கும். அதனால் பறந்து முடித்ததும் உறையில் போட்டு நிழலில் வைக்க வேண்டும். நனைந்திருந்தால் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும். கடற்கரையில் பறந்தால் உப்பைத் தீர நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டியை இறக்கையோடு இணைக்கும் தொங்கு போல்ட். மொத்த உயிரும் அதில்தான் தொங்குகிறது. அது அறுந்தால் தாங்குவதற்கென்றே கூடுதலாக ஒரு பட்டையோ கேபிளோ இருக்கும். தயாரிப்பு நிறுவனம் குறித்த மணிநேரம் முடிந்துவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் போல்ட்டை மாற்றிவிட வேண்டும். ‘இன்னும் ஒரு தடவை தாங்கும்’ என்ற கணக்கு இங்கே கிடையாது.

ஸ்டீயரிங் எங்கே?

லிலியன்தாலின் கிளைடரில் ஸ்டீயரிங் இல்லை. முழங்கைகளைச் சட்டத்தில் ஊன்றி, இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டு கால்களை வீசுவார். கால்கள் முன்னே போனால் மூக்கு இறங்கும், பின்னே போனால் ஏறும். இடது பக்கம் போனால் இடது பக்கம் திரும்பும்.

இதில்தான் சிக்கல். கைகள் சட்டத்தில் மாட்டியிருப்பதால், அவரால் நகர்த்த முடிந்தது உடலின் கீழ்ப்பாதியை மட்டுமே. சின்னக் காற்றடிப்புக்கு அது போதும், பெரிதாக அடித்தால் போதாது. அது அவருக்கும் தெரிந்தே இருந்தது. விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்க முன்பக்கம் வளைந்த வில்லோ வில் ஒன்றைப் பொருத்தியிருந்தார். 1894-ல் ஒரு விபத்தில் அந்த வில் நொறுங்கியது, அவர் பிழைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

வெயில் தரையைச் சூடாக்கும்போது, சூடான காற்று குமிழிபோலத் திரண்டு மேலே கிளம்பும். இதன் பெயர் தெர்மல். கண்ணுக்குத் தெரியாது. அன்று அப்படி ஒரு காற்றடிப்பில் கிளைடரின் மூக்கு மேலே தூக்கியது என்பதுதான் பரவலாக ஏற்கப்படும் விளக்கம். லிலியன்தால் மூக்கை இறக்கக் கால்களை முன்னே வீசினார். பலன் இல்லை.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், மேற்பரப்பில் வழுக்கிப் போகும் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்கும் விசை சட்டென்று குறையும். இதுதான் ஸ்டால். பைக் இன்ஜின் ஆஃப் ஆகிற ஸ்டால் இல்லை இது. இன்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் இறக்கை ஸ்டால் ஆகலாம். மீள்வதற்கு மூக்கை இறக்கி வேகம் பிடிக்க வேண்டும், அதற்கு உயரம் வேண்டும். அவரிடம் இருந்தது 15 மீட்டர்.

கழுத்தெலும்பு முறிந்தது. மெக்கானிக் பவுல் பைலிஷ் ஓடிவந்து தூக்கினார். ரயிலில் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஆகஸ்ட் 10 அன்று லிலியன்தால் இறந்தார். மனைவி ஆக்னஸும் நான்கு பிள்ளைகளும் தனியானார்கள்.

2016-ல் ஜெர்மன் விண்வெளி மையம் அவருடைய கிளைடரை அதே மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் சோதித்தது. சாதாரணப் பறத்தலில் அது நிலையானதுதான் என்று தெரிந்தது. அப்போ, மோசமான இறக்கை அவரைக் கொல்லவில்லை. தப்பு நடந்தால் சரிசெய்யத் தேவையான உயரமும் எடையை நகர்த்த இடமும்தான் போதவில்லை.

மூன்றே ஆண்டுகளில் இன்னொரு மரணம்

பிரிட்டனைச் சேர்ந்த பெர்சி பில்ச்சர் அவரிடம் வந்து பழகியவர், கிளைடரும் வாங்கியவர். 1899 செப்டம்பர் 30 அன்று தன் புது இன்ஜின் விமானத்தைப் பிரமுகர்களுக்குக் காட்டுவதாக இருந்தார். இன்ஜின் பழுது, வானிலையும் மோசம். வந்தவர்களை ஏமாற்றக் கூடாதென்று, தன்னிடம் இருந்த கிளைடரில் ஏறினார். காற்றில் வால் முறிந்தது. இரண்டு நாளில் இறந்தார், வயது 32. ஆள் கூடிவிட்டார்கள் என்பதற்காகப் பறக்காதே என்பது இன்றும் பைலட் பயிற்சியில் சொல்லப்படும் பாடம்.

கைவிட்ட முறை திரும்பி வந்தது

எடையை நகர்த்தி ஓட்டுவது போதாது என்று முடிவுசெய்த ரைட் சகோதரர்கள், இறக்கையையே முறுக்கி ஓட்டும் வழிக்குப் போனார்கள். எடை நகர்த்தும் முறை கிட்டத்தட்ட மறக்கப்பட்டது. 1948-ல் அமெரிக்கரான பிரான்சிஸ் ரோகல்லோ வளைந்துகொடுக்கும் துணி இறக்கையை உருவாக்கினார். 1963-ல் ஆஸ்திரேலியரான ஜான் டிக்கன்சன் அதில் பைலட்டை ஒரே புள்ளியில் ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு, கையில் ஒரு முக்கோணச் சட்டம் கொடுத்தார். லிலியன்தாலின் கைகளைக் கட்டிப்போட்ட சிக்கல் இப்படித் தீர்ந்தது.

ட்ரைக்கிலும் அதே முக்கோணச் சட்டம்தான். சட்டத்தை நம் பக்கம் இழுத்தால் எடை முன்னே போகும், மூக்கு இறங்கும், வேகம் கூடும். தள்ளினால் வேகம் குறையும். சாதாரண விமானத்தின் கட்டுப்பாட்டுக்கு இது நேரெதிர். அங்கே பழகியவர்கள் இங்கே பதறி எதிர்ப்பக்கம் அசைத்துவிடும் அபாயம் உண்டு.

ஒரு விஷயம் மட்டும் மாறவில்லை. வண்டியின் எடை இறக்கையை இழுத்துக்கொண்டிருக்கும் வரைதான் கட்டுப்பாடு. மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி ஸ்டால் ஆக்கினால் எடை தொங்காது, சட்டமும் வேலை செய்யாது, ட்ரைக் குட்டிக்கரணம் அடித்துவிடும். அதனால் சாகசத்துக்குத் தடை. பொதுவாக 60 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது, மூக்கை 30 டிகிரிக்கு மேல் தூக்கவோ இறக்கவோ கூடாது. தெர்மல் கொதிக்கும் நடுப்பகலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் பறப்பதே நல்லது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். இன்று சில வாரப் பயிற்சியிலேயே ஒரு மாணவர் லிலியன்தாலைவிட அதிக நேரம் காற்றில் இருந்துவிடுவார். அந்தச் சில மணி நேரத்தை அவர் ஐந்து ஆண்டுகளில், நொடி நொடியாகச் சேர்த்தார்.

1989 அக்டோபர் 23 அன்று கிழக்கு ஜெர்மனியின் ஓய்வுபெற்ற இல்யூஷின் 62 ஜெட் விமானம் ஒன்று ஸ்டோல்ன் கிராமத்தின் புல்தரையில் இறங்கியது. இன்றும் அங்கேயே நிற்கிறது. அதற்கு வைத்த பெயர் லேடி ஆக்னஸ். லிலியன்தால் கடைசியாக ஓடிக் கிளம்பிய குன்று அதன் பக்கத்திலேயே இருக்கிறது.