மூசி ஆற்றை அளந்த பொறியாளர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

செப்டம்பர் 15-ஆம் நாளைப் பொறியாளர் நாள் என்று நாடு கொண்டாடுகிறது. அது சர் எம். விசுவேசுவரய்யா பிறந்த நாள் என்பதும், கிருஷ்ணராஜசாகர் அணையோடு சேர்த்துப் பேசப்படுபவர் அவர் என்பதும் நாம் அனைவரும் அறிந்ததே. பள்ளிப் பாடத்தில் அவ்வளவுதான் இருந்தது. அந்த அணையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. வெள்ளத்தில் அழிந்த ஒரு நகரத்துக்கு அவர் செய்த பணியைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அதற்குக் காரணம் உண்டு.

நாங்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையில் குடியிருந்தோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். தங்கையை அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தேன். ரேஷன் அட்டையும் என் புத்தகப் பையும் போயின. அப்பாவுக்கு மழைநீர் வடிகால்களில் தூர் வாரும் கூலி வேலை. எந்தத் தெருத் தண்ணீர் எந்த வாய்க்காலில் இறங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். இது ஊரில் பெய்த தண்ணீர் மட்டுமில்லை, மேலேயிருந்து வந்த தண்ணீர் என்று அன்றிரவே அவர் சொன்னார். அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. சென்ற ஆண்டு நமது கல்லூரி நூலகத்தில், விசுவேசுவரய்யா தமது பணி வாழ்வைப் பற்றி 1951-இல் வெளியிட்ட ஆங்கில நூலைப் படித்தபோதுதான் விளங்கிற்று.

அவர் 1861-இல், இன்றைய கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர்ப் பகுதியிலுள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அந்த வருவாயில் காலம் தள்ளினார். அக்கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆகவே 1881-இல் அவர் பெற்ற பி.ஏ. பட்டம் நமது சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த பட்டமே. பின்னர் மைசூர் அரசின் உதவித்தொகையில் புனாவுக்குச் சென்று பொறியியல் பயின்றார். 1883-இல் முதல் மாணவராகத் தேறினார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார்.

அங்கே அவர் செய்த இரண்டு பணிகளை மட்டும் சொல்கிறேன். அன்று பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்திருந்த சிந்துப் பகுதியில் சுக்கூர் என்ற ஊர் உள்ளது. சிந்து நதிக் கரையில் இருந்தும் அவ்வூருக்குக் குடிக்க நல்ல நீர் இல்லை. ஆற்று நீர் முழுவதும் சேறு. வடிகட்டும் நிலையம் கட்ட நகராட்சியிடம் பணம் இல்லை. விசுவேசுவரய்யா ஆற்றையொட்டிக் கிணறு தோண்டி, மணல் வழியே ஊறி வரும் நீரை எடுத்து ஊருக்கு ஏற்றினார். ஆற்று மணலே வடிகட்டி! நம் கிராமங்களில் ஆற்றில் ஊற்றுத் தோண்டி நீர் மொண்டவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் ஒரு நகரம் முழுவதற்கும் அதைச் செய்யத் துணிந்தது புதிது. இரண்டாவது, புனாவுக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா நீர்த்தேக்கத்தில் அவர் அமைத்த தானியங்கிக் கதவுகள். நீர் குறித்த மட்டத்துக்கு உயர்ந்ததும் அவை தாமே திறந்துகொள்ளும். வெள்ளம் வடிந்ததும் தாமே மூடிக்கொள்ளும். நள்ளிரவில் மழையில் ஓடிச் சென்று கதவு திறக்க ஆள் தேடவேண்டியதில்லை. இதற்கு அவர் காப்புரிமை பெற்றிருந்தும், அரசிடமிருந்து அதற்கான தொகையை வாங்கிக்கொள்ளவில்லை.

1908-இல் அப்பணியிலிருந்து விலகி ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் ஐதராபாத்தில் மூசி ஆறு பெருக்கெடுத்தது. இறந்தவர்கள் 15,000 பேர் வரை இருக்கும் என்று கூறுவர். நகரிலிருந்த பாலங்களில் 1578-இல் கட்டப்பட்ட புரானாபுல் ஒன்றே தப்பியது. அப்சல்கஞ்சு மருத்துவமனைத் தோட்டத்தில் ஒரு புளியமரம் இருந்தது. ஏறத்தாழ 150 பேர் அதன் கிளைகளில் தொற்றிக்கொண்டு உயிர் பிழைத்தனர். இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருப்பது அந்த மரம்தான். கட்டட வேலைக்காக ஐதராபாத்தில் தங்கியிருந்த என் சித்தப்பாவிடம் கோடை விடுமுறையில் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். அதில் 150 பேர் எப்படி ஏறினார்கள் என்று அடியில் நின்று வெகுநேரம் எண்ணிப் பார்த்தேன். உயிர் மேல் ஆசை வந்துவிட்டால் மரம் ஏறத் தெரியாதவர் யார்?

நிஜாம் அரசு விசுவேசுவரய்யாவை அழைத்தது. 1909-இல் அவர் வந்து சேர்ந்தார். ஆற்றங்கரையில் உயரமாகச் சுவர் எழுப்பினால் போதும் என்று வேறொருவர் அறிக்கை எழுதியிருக்கக்கூடும். அவர் நகரத்தை விட்டு மேலே போனார். மழை விழுந்து மூசியில் சேரும் நிலப்பரப்பு முழுவதையும் ஆராய்ந்தார். அங்கே 788 ஏரிகள் இருந்தன. அவற்றில் 221 ஏரிகள் அந்த மழையில் உடைந்திருந்தன. ஏரிகள் சங்கிலி போன்றவை என்பது நமக்குத் தெரியும். மேல் ஏரி உடைந்தால் அதன் நீரும் சேர்ந்து கீழ் ஏரியின் கரையை மோதும். அது உடைந்தால் அடுத்தது. ஆக, ஐதராபாத்துக்குள் புகுந்தது அன்று பெய்த மழை மட்டுமன்று. ஏரிகளில் முன்னரே தேங்கியிருந்த நீரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. என் அப்பா சொன்ன மேல் தண்ணீர் இதுதான்! ஆற்றில் வந்த உச்ச வெள்ளத்தை அவர் வினாடிக்கு நான்கு லட்சம் கன அடிக்கு மேல் என்று கணக்கிட்டார். எவ்வளவு சுவர் எழுப்பினாலும் நகரத்து மூசி அதைத் தாங்காது.

எனவே வெள்ளத்தை நகருக்கு மேலேயே நிறுத்த வேண்டும் என்றார். மூசியின் குறுக்கே ஒன்று, நகருக்கு முன்னரே அதில் வந்து கலக்கும் ஈசியின் குறுக்கே ஒன்று என இரண்டு நீர்த்தேக்கங்களுக்குத் திட்டம் தந்தார். இதில் ஒரு நுட்பம் உண்டு. வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமானால் தேக்கம் காலியாக இருக்க வேண்டும். குடிநீர் தர வேண்டுமானால் நிறைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. அடிப்பகுதியில் நகருக்கு வேண்டிய நீர், அதற்கு மேல் வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய வெற்றிடம், வந்ததைப் பிடித்து வைத்து ஆறு தாங்கும் அளவில் விடுவது என்று அவ்விரண்டையும் ஒரே அணையில் அமர்த்தினார். அத்துடன் நிலத்தடிச் சாக்கடை, கரைகளை உயர்த்திச் சாலையும் பூங்காவும் அமைத்தல் என்று நகரத்துக்கும் திட்டம் எழுதினார். தாழ்ந்த கரையில் வீடுகள் வேண்டாம், பூங்கா நனைந்தால் மறுநாள் காய்ந்துவிடும் என்பது அதன் கருத்தாக எனக்குப் படுகிறது. உஸ்மான் சாகர் 1920-இலும் ஹிமாயத் சாகர் 1927-இலும் நிறைவு பெற்றன. அவற்றைக் கட்டி முடித்தவர்கள் வேறு பொறியாளர்கள். அவர் 1909-இலேயே மைசூருக்குத் தலைமைப் பொறியாளராகச் சென்றுவிட்டார்.

கணக்கில் குறை காண எனக்குத் தகுதி இல்லை. ஆனால் கரையில் பூங்கா வரும்போது கரையில் இருந்தவர்கள் எழுந்து போக வேண்டும். எங்களையும் எழுப்பினார்கள். நகருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. அங்கே ஆறு வராது, உண்மைதான். ஆனால் அம்மா வீட்டு வேலைக்குப் போய்வர இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்ததால், இருந்த நான்கு வீட்டு வேலை இரண்டாகக் குறைந்தது. ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. விட்டவருக்கு என்ன இடம் என்பதையும் அதே கவனத்தோடு கணக்கிட வேண்டும் என்றே கேட்கிறேன்.

அவரிடம் நான் மாறுபடும் இடம் இன்னொன்றும் உண்டு. 1912 முதல் அவர் மைசூர்த் திவான். பள்ளிகளையும் ஆலைகளையும் பெருக்கினார். 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றக் காரணமாக இருந்தார். ஆயினும் அரசுப் பணிகளில் பிராமணரல்லாதாருக்கு இடம் ஒதுக்குவது பற்றி ஆராய 1918-இல் மன்னர் மில்லர் குழுவை அமைத்தபோது, தகுதி கெட்டுவிடும் என்று கருதி அதற்கு உடன்படாமல் பதவி விலகினார். உதவித்தொகையில் படித்து உயர்ந்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இட ஒதுக்கீடு இல்லையேல் இந்த மலரில் எழுத நான் இருந்திருக்க மாட்டேன். 788 ஏரிகளை எண்ணிப் பார்த்தவர் இதை எண்ணிப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அவர் மேல் கொண்ட மதிப்பு அதனால் குறைந்துவிடவுமில்லை.

1955-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1962 ஏப்ரலில் நூறு வயது கடந்து மறைந்தார். 2020 அக்டோபரில் பெருமழை பெய்து ஹிமாயத் சாகர் கதவுகள் திறக்கப்பட்டபோது, மூசியின் தாழ்ந்த கரைகளில் மீண்டும் வீடுகள் மூழ்கின. வெள்ளத்துக்கென்று அவர் விடச் சொன்ன இடத்தில் இடைக்காலத்தில் மனிதர் குடியேறியிருந்தனர்.

வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற கறையையும் ஆற்றின் சரிவையும் கொண்டு, எவ்வளவு நீர் ஓடிற்று என்று கணக்கிடலாம் என எங்கள் இயற்பியல் விரிவுரையாளர் விளக்கினார். சென்ற தீபாவளி விடுமுறையில் அப்பாவுடன் எங்கள் பழைய தெருவுக்குப் போனேன். வீடுகள் இல்லை, மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. அதன் பின்சுவரில், வெள்ளம் வடிந்த மறுநாள் அப்பா கரியால் இழுத்த கோடு இன்னும் அழியவில்லை. நாடாவின் ஒரு முனையை அப்பா தரையில் பிடித்துக்கொண்டார். 6 அடி 4 அங்குலம். நோட்டில் குறித்துக்கொண்டேன்.