திரு.வி.க.வின் இளமைக் கல்வி

ஆரணியிலும், திருமலை முதலாக அதனைச் சூழ்ந்த ஊர்ப்புறங்களிலும், பட்டுத் தறியின்முன் அமர்வோர்க்குப் பழகிய செயல் ஒன்றுண்டு. பாவில் ஓர் இழை அறுந்தால், தறியை நிறுத்தி, அறுந்த முனைகளைத் தேடி எடுத்து முடிந்து, விட்ட இடத்திலிருந்து நெசவைத் தொடர்வர். இழை அறுந்ததென்று பாவையே அறுத்தெறிவார் எவருமிலர். பிள்ளைகளின் கல்வியிலோ நாம் பன்முறை அவ்வாறு செய்துவிடுகின்றோம். பிணியாற் சில திங்களோ சில ஆண்டோ பள்ளிக்கு வாராத பிள்ளையின் பெயர் பதிவேட்டினின்று நீங்குகின்றது. பின்னர்ப் பெற்றோர் நினைவினின்றும் அப்பிள்ளையின் கல்வி நீங்கிவிடுகின்றது. அங்ஙனம் இடையறுந்த கல்வியை மீண்டும் பிணைத்துக்கொண்டு, தமிழுலகம் போற்றும் நிலையை எய்திய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றேம். அவரே திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரனார், திரு.வி.க. என்று தமிழ்மக்கள் அன்புடன் வழங்கும் பெயர்க்கு உரியவர்.

அவர் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் விருத்தாசல முதலியார்க்கும் சின்னம்மையார்க்கும் மகனாகத் தோன்றினார். குடும்பத்தின் பழைய ஊர் திருவாரூர். முதற்பாடங்களைத் தந்தையாரிடமே கற்றார். பின்னர்க் குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்கு வந்தது. ஆங்கு ஆரியன் தொடக்கப் பள்ளியிற் சில காலம் பயின்று, 1894-இல் வெஸ்லியன் மிஷனாரின் வெஸ்லி பள்ளியில் நான்காம் வகுப்பிற் சேர்ந்தார். அப்பொழுது அவர்க்கு வயது பதினொன்று.

சேர்ந்த சின்னாளிலே உடல்நலங் குன்றியது, படிப்பு நின்றது. ஒரு திங்கள், ஒரு பருவம் என்றில்லை. நான்கு ஆண்டுகள் அவர் பள்ளியின் வாயிலை மிதிக்கவில்லை. பதினொன்று முதற் பதினைந்து வரையுள்ள பருவம் எத்தகையது என்பதை மாணவராய் இருப்பார்க்கு எடுத்துக் கூறவேண்டுவதில்லை. கணக்கும் இலக்கணமும் அந்நிய மொழியும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பருவம் அது. அந்நான்காண்டும் உடன் பயின்றோர் வகுப்பு வகுப்பாக ஏறிச் சென்றனர். இவரோ வீட்டில் இருந்தார்.

1898-இல் அவர் மீண்டும் பள்ளிக்கு வந்தார். இவ்வொரு செய்தியே அவர் வரலாற்றின் திருப்பம் எனலாம். பதினைந்து வயதுப் பிள்ளையை ஒரு கடையிலோ கைத்தொழிலிலோ அமர்த்திவிடுதல் அக்காலத்து எளிய குடும்பங்களின் இயல்பு. அதனை எவரும் குறை கூறார். வயது மிஞ்சிய மாணவனை ஏற்கப் பள்ளி மறுத்திருப்பினும் வியப்பில்லை. வீட்டார் அனுப்பினர், பள்ளி ஏற்றது, பிள்ளை நாணாது சென்று அமர்ந்தான். இம்மூன்றும் ஒருங்கே கூடியதனாலன்றோ பிற்காலத்துத் தமிழ் நடைக்கு ஒரு தலைவர் கிடைத்தார்!

பள்ளிக்கு மீண்டதன் பெரும்பயன் யாதெனின், ஆங்குத் தமிழாசிரியராய் இருந்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளையின் தொடர்பேயாம். கதிரைவேற் பிள்ளை சைவ நூல்களிலும் தமிழிலக்கணத்திலும் வல்லவர். தமிழகராதி ஒன்றினைத் தொகுத்தளித்தவர். அவர் வாயிலாகவே கலியாணசுந்தரனார்க்குத் தமிழ் ஒரு பாடமாக நில்லாது வாழ்வாயிற்று. நோயால் இழந்த நான்காண்டை ஓர் ஆசிரியரின் அன்பு ஈடு செய்தது என்று கூறுவதும் மிகையாகாது.

எனினும் இடையூறு மற்றொரு முறையும் வந்தது. 1904-இல் ஆறாம் படிவத்தின் இறுதித் தேர்வை எழுதவேண்டிய வேளையில், அருட்பா குறித்தெழுந்த பூசலில் கதிரைவேற் பிள்ளைமீது தொடுக்கப்பட்ட வழக்கு நீதிமன்றத்தில் நடைபெற்றது. ஆசிரியர்பொருட்டுச் சான்று கூறச் சென்ற மாணவர் தேர்வை எழுத இயலவில்லை. அப்பொழுது அவர்க்கு இருபது வயது கடந்திருந்தது. பள்ளிப்படிப்பு அத்துடன் முடிவுற்றது. பட்டமும் சான்றிதழும் அவர்க்கு வாய்க்கவில்லை.

ஆயின் கல்வி முடிவுறவில்லை. ஆசிரியர் மறைந்தபின் மயிலைத் தணிகாசல முதலியாரை அடுத்துத் தமிழ் நூல்களையும் சைவ நூல்களையும் பாடங் கேட்டார். ஸ்பென்சர் கம்பெனியிற் சிறிது காலம் ஊழியம் செய்து விலகினார். பின்னர் ஆயிரம் விளக்கிலிருந்த வெஸ்லியன் பள்ளி அவரை ஆசிரியராக அமர்த்திக்கொண்டது. அதன்மேல், தாம் மாணவராய் இருந்து தேர்வெழுதாது நீங்கிய வெஸ்லி நிலையத்திலேயே தலைமைத் தமிழாசிரியராய் அமர்ந்தார். இறுதித் தேர்வு எழுதாதவர் என்ற குறை அவர்தம் புலமைக்கு இழுக்காக எண்ணப்படவில்லை.

1917-இல் ஆசிரியப் பணியைத் துறந்து தேசபக்தன் என்னும் நாளிதழின் ஆசிரியரானார். 1920-இல் நவசக்தியைத் தொடங்கினார். அயன்மொழிச் சொற்களின் துணையின்றி அரசியலைப் பொதுமக்கள் முன்னிலையில் இனிய தமிழிற் பேசவும் எழுதவும் இயலும் என்பதை அவ்விதழ்கள் நாட்டின. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பி.பி. வாடியாவுடன் அதனை வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர். அவ்வாண்டிலேயே துணைவியார் கமலாம்பிகையாரை இழந்தார். மக்கள் இருவரும் முன்னரே இறந்துபட்டனர். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பெண்ணின் பெருமை, முருகன் அல்லது அழகு, மனித வாழ்க்கையும் காந்தியடிகளும் முதலிய நூல்கள் அவர் எழுதுகோலினின்றும் வெளிவந்தன. 1947-இல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தத்தின்போது அரசினர் அவரை வீட்டுக் காவலில் வைத்தனர்.

இளமையில் அவரை விட்டகன்ற பிணி முதுமையில் வேறுருவில் வந்தது. கண்ணொளி குன்றி, படுக்கையே இருப்பிடமாயிற்று. அந்நிலையிலும் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுத நூல்கள் பிறந்தன. முதுமை உளறல், படுக்கைப் பிதற்றல் என்று அவற்றுக்குத் தாமே பெயரிட்டமை, தம் நோயை நோக்கி அவர் புன்முறுவல் செய்தமைக்குச் சான்று. 1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இவ்வரலாற்றினின்று நாம் அறியவேண்டுவது யாது? கலியாணசுந்தரனார்க்கு நேர்ந்தது நீண்டதோர் இடையறவு. வேறுவகைப் பிணிகளும் உள. ஆஸ்துமா, மூட்டுவாதம், பிறவியிலே வரும் இரத்தக் குறைபாடுகள் முதலியன வந்து வந்து போவன. அவற்றையுடைய பிள்ளை இன்று ஓடி விளையாடும். நாளை எழுந்து நிற்கவும் மாட்டாது. நேற்று நலமாயிருந்ததைக் கண்டோர் இன்று வாராமையை நடிப்பென்று கருதுவர். நோயினும் அவ்வையம் கொடிது. இங்கிலாந்துக்கு வடக்கே ஸ்காத்லாந்தில் 1850-இல் பிறந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இத்தகைய பிள்ளையே. மார்பு நோய் மிகுந்தபோது வீட்டிலும், தணிந்தபோது பள்ளியிலும், இடையிடையே தனியாசிரியர்களிடமும் பயின்று, பதினேழாம் வயதில் எடின்பரோப் பல்கலைக்கழகம் புகுந்தார். ஆனால் அவர் தந்தையார் பொருள் படைத்த பொறியாளர். தனியாசிரியரை அமர்த்தும் ஆற்றல் நம் நெசவாளர்க்கும் உழவர்க்கும் ஏது?

ஆகவே அவர்க்கெல்லாம் பொது அமைப்புக்களே துணையாதல் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், பள்ளியை விட்டு நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிற் சேர்த்துத் தனிப்பயிற்சி அளிக்க வழி வகுத்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாளணு நோய் ஆகியவற்றையும் தன் பட்டியலிற் சேர்த்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே, உடல் இடங்கொடுக்கும்போது ஒவ்வொரு பாடமாகத் தேர்வெழுதி ஐந்தாண்டுக்குள் முடித்துக்கொள்ளலாம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வழி பொருந்தாது. பள்ளியில் இருக்க இயலும் நாளிற் பள்ளியும், இயலா நாளில் வீட்டுக்கு வரும் பாடமும், இரண்டும் தவறியவழித் திறந்தநிலைத் தேர்வும் எனக் காலத்திற்கேற்ப மாறிக்கொள்வதே அறிவுடைமை. வீடுதான் சிறந்தது என்று விரைந்து முடிவு செய்வாரும் ஒன்றை எண்ணுதல் வேண்டும்: கலியாணசுந்தரனார்க்குக் கதிரைவேற் பிள்ளை கிடைத்தது பள்ளியிலேயாம்.

சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே அழைத்து அமர்த்துவோர் மனிதரே. மாணவ அன்பர்காள்! நும்மிற் பலர் நாளை ஆசிரியராவீர். பல நாள் கழித்து வெளிறிய முகத்தோடு வகுப்பு வாயிலில் நிற்கும் பிள்ளையை, இத்துணை நாள் எங்குச் சென்றனை என்று வினவுவதற்கு முன், அதற்குரிய இடத்தைக் காட்டி அமரச் செய்ம்மின்.